லாயத்திலிருந்து ஒரு வாசிப்பு: குதிரைக் கதைகளும் அவற்றின் திரைவடிவங்களும்

1. கேள்வி

நாயகன் கடிவாள வாரை வெடுக்கென்று இழுக்கிறான். குதிரை முன்னங்கால்களைத் தூக்கி நிற்கிறது. கனைப்பொலி அரங்கை நிறைக்கிறது. தமிழ்ச் சரித்திரப் படங்களில் எத்தனையோ முறை பார்த்த காட்சி இது. குதிரையோடு பழகியவரின் பார்வை இந்த இடத்தில் நாயகனை விட்டு விலகிவிடும். அவருக்குத் தெரிவது அகலத் திறந்த வாயும், பிடரியோடு படிந்த காதுகளும், வெள்ளை தெரியப் புரளும் விழியும்தான். வாயில் கிடக்கும் இரும்பு வலிக்கிறது என்பதற்கு இவையெல்லாம் அடையாளம். கனைப்பு பிறகு ஒலிக்கூடத்தில் சேர்க்கப்பட்டது என்பதையும் அவர் அறிவார். வேலையில் இருக்கும் குதிரை பெரும்பாலும் சத்தமே போடாது. கூட்டாளிக் குதிரை கண்ணிலிருந்து மறைந்தாலோ, தீனி வரும் ஓசை கேட்டாலோதான் வாய்விட்டுக் கனைக்கும்.

நம் திரை விமர்சனம் இவ்வகைக் கருத்துகளைப் பொருட்படுத்துவதில்லை. நாவல் படமாகும்போது எந்தப் பாத்திரம் குறைந்தது, எந்த வசனம் மாறியது, வரலாறு எங்கே திரிந்தது என்றே விவாதிக்கிறோம். குதிரை அந்தக் கணக்கில் வாளோடும் கேடயத்தோடும் கலைப்பொருளாகச் சேர்ந்துவிடுகிறது. குதிரை ஆர்வலர் சொல்லும் குறை ‘நுணுக்கப் பிழை’ என்ற அளவில் நின்றுவிடுகிறது. அது நுணுக்கப் பிழைதானா, கதையின் பொருளைத் தொடும் வாசிப்பா என்பதே இக்கட்டுரையின் கேள்வி. அது வாசிப்பே என்பது என் முடிவு. அதற்கு எல்லைகளும் உண்டு. அவற்றையும் எடைபோட வேண்டும்.

2. குதிரை ஆர்வலர் என்பவர் யார்?

சென்னையின் தென்பகுதியில் இக்கேள்வியை எழுப்புவதற்குக் காரணம் இருக்கிறது. கிண்டியில் 1777 முதல் குதிரைப் பந்தயம் நடந்துவந்திருக்கிறது. மெட்ராஸ் ரேஸ் கிளப் 1896இல் உருவானது. பரங்கிமலை ராணுவ அதிகாரிகள் பயிற்சி அகாதமியில் குதிரையேற்றம் இன்றும் உண்டு. தாம்பரம், பல்லாவரம் பக்கம் மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு அலங்கரித்த குதிரைகள் வருகின்றன; கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரத்தில் சவாரிப் பள்ளிகள் இருக்கின்றன. ஏரிக்கரையில் ஊர்க்காவலுக்கு நின்ற அய்யனாரின் சுதைக் குதிரைகளைச் சுற்றி இப்போது மனைப்பிரிவுகள் எழுந்துவிட்டன.

இத்தனை வகைக் குதிரைகள் இருக்கும் இடத்தில் ‘குதிரை ஆர்வலர்’ என்று ஒரே ஒருவர் இருக்க முடியாது. குதிரையை வைத்திருப்பவர், அதன்மேல் பணம் கட்டுபவர், சவாரி பழகுபவர், விடிவதற்கு முன்பே லாயத்தைக் கூட்டிக் கொள்ளு ஊறவைத்துக் குளம்பைத் துடைக்கும் சைஸ் என்று பலர். கடைசியாகச் சொன்னவருக்குத்தான் குதிரையின் உடல் அணு அணுவாகத் தெரியும். எழுத்தில் மிகக் குறைவாகப் பதிவானதும் அவருடைய அறிவே. மேற்கத்திய நாடுகளில் குதிரைக் கதைகளை விமர்சிப்பவர்கள் பெரும்பாலும் சொந்தக் குதிரையோ சவாரிப் பழக்கமோ உள்ள நடுத்தர வர்க்கத்தினர். இங்கே குதிரையறிவு கூலிக்கு வேலை பார்ப்பவரிடம் இருக்கிறது. கருத்துச் சொல்லும் மேடை வேறு யாரிடமோ இருக்கிறது. ஆர்வலர் பார்வை என்று நாம் பேசும்போது இந்தப் பிளவை மறக்கக் கூடாது.

திரைத்துறைக்கும் பந்தயத்துக்கும் உள்ள உறவும் சென்னையில் பழையது. ‘சந்திரலேகா’வை 1948இல் எடுத்த எஸ்.எஸ். வாசன் குதிரைப் பந்தயத்தில் ஈடுபாடு கொண்டவர். அவருடைய ஸ்டூடியோவின் ஜெமினி என்ற பெயரே ஒரு பந்தயக் குதிரையின் பெயரிலிருந்து வந்தது என்று திரை வரலாறு எழுதியோர் சொல்கிறார்கள். தமிழக அரசு 1974இல் குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் கொண்டுவந்தது. அதன் நினைவாக எழுந்த, திமிறும் குதிரையை மனிதன் இழுத்துப் பிடிக்கும் சிலை நிற்பது அந்த ஜெமினி மேம்பாலத்தருகேதான். அச்சட்டம் உச்சநீதிமன்றம் வரை சென்றது. பந்தயம் திறமை சார்ந்த விளையாட்டு என்று 1996இல் தீர்ப்பு வந்தது. 2024 செப்டம்பரில் அரசு கிண்டி நிலத்தின் குத்தகையை ரத்துசெய்து 160 ஏக்கருக்கும் மேலான பரப்பைத் தன்வசமாக்க முனைந்தபோது மீண்டும் நீதிமன்ற வழக்கு. இந்த விவாதங்கள் அனைத்திலும் சூதாட்டம், நிலம், வருவாய் ஆகியவை பேசப்பட்டன. குதிரை பேசப்படவில்லை.

எந்தக் கதையிலும் இடம்பெறாத ஒரு குதிரையையும் இங்கே சொல்லிவிட வேண்டும். மாமல்லபுரம் சாலையில் வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துத் தரும் நஞ்சைச் சிறிது சிறிதாகக் குதிரைகளின் உடலில் செலுத்தி, அவற்றின் இரத்தத்தில் உருவாகும் எதிர்ப்பொருளிலிருந்தே பாம்புக்கடி மருந்து தயாராகிறது. செஞ்சி தேசிங்கு ராஜனின் குதிரையைப் பற்றிப் பாடிய ஊர்களில் பாம்பு கடித்தவர்களைப் பிழைக்கவைப்பது பெயரில்லாத இந்தக் குதிரைகள்தாம்.

3. குதிரை தானே பேசும் கதை

ஆங்கிலத்தில் ‘பிளாக் பியூட்டி’ 1877இல் வெளிவந்தது. அதை எழுதிய அன்னா சூவெல் பதினான்கு வயதில் கணுக்காலில் அடிபட்டு, அதன்பின் வெளியே செல்லக் குதிரை வண்டியையே நம்பியிருந்தவர். வண்டிக்காரரோடும் லாயக்காரரோடும் அன்றாடம் பேசிப் பழகியவர். நூல் வந்த சில மாதங்களிலேயே, 1878இல் இறந்துவிட்டார். அவர் எழுதியது குழந்தைகளுக்காக அல்ல, குதிரையைக் கையாளும் தொழிலாளருக்காக என்பதை அவருடைய வரலாற்றை எழுதியோர் ஒருமுகமாகக் கூறுகின்றனர்.

நாவலில் குதிரையே தன் கதையைச் சொல்கிறது. இந்த உத்தி கையில் இருந்தும் சூவெல் கற்பனைச் சாகசம் எதையும் எழுதவில்லை. குதிரையின் தலையை அழகுக்காக உயர்த்திக் கட்டும் வாரைப் பற்றி எழுதினார். அந்த வார் இறுகினால் கழுத்து வளையும், மூச்சு தடைப்படும், மேட்டில் வண்டி இழுக்கும்போது தலையைத் தாழ்த்தி உடல் எடையை முன்னே செலுத்த முடியாது. இதைப் பார்வையாளராக இருந்து எழுதிவிட முடியாது. லாயத்தில் நின்று பார்த்திருக்க வேண்டும். ஜிஞ்சர் என்ற செம்பழுப்புப் பெண் குதிரையின் முடிவும் அப்படித்தான். ஒரு காலத்தில் கடிக்கும் குதிரை என்று பேர் வாங்கிய ஜிஞ்சர், வாடகை வண்டி இழுத்து எலும்பும் தோலுமாகிறது. பிறகொரு நாள் செத்த குதிரையை ஏற்றிய வண்டியொன்று கடந்துபோகிறது. தொங்கும் தலையில் அதே அடையாளக் கோடு. அது ஜிஞ்சராகத்தான் இருக்க வேண்டும் என்று பியூட்டி எண்ணிக்கொள்கிறது. ஜட்கா ஓடிய சென்னையின் ரயிலடிகளை நினைவில் வைத்திருக்கும் முதியவர்களுக்கு இக்காட்சிக்கு விளக்கவுரை தேவைப்படாது.

படமாக வந்த வடிவங்களில் 1994இல் கரோலின் தாம்ப்சன் இயக்கியது குதிரையின் குரலைத் தக்கவைத்தது. 2020இல் ஆஷ்லி ஏவிஸ் இயக்கியது களத்தை அமெரிக்காவுக்கு மாற்றி, பியூட்டியைக் காட்டிலிருந்து பிடிபட்ட பெண் குதிரையாக்கி, ஒரு சிறுமியோடு அதற்குள்ள பிணைப்பை நடுவே வைத்தது. குதிரை ஆணா பெண்ணா என்பதைப் பற்றிய சர்ச்சை எனக்கு முக்கியமாகப் படவில்லை. நாவலில் பியூட்டி கைமாறிக்கொண்டே இருக்கிறது. யார் வாங்குகிறார் என்பதுதான் அதன் விதி. ஒரே ஒரு அன்பான மனிதரைச் சுற்றிக் கதை சுருங்கும்போது, உழைக்கும் குதிரைகள் அனைத்தின் நிலையையும் பற்றிய நூல் ஒரு தனி நட்பின் கதையாகிவிடுகிறது. இழப்பு அங்கேதான்.

மைக்கேல் மோர்புர்கோவின் ‘வார் ஹார்ஸ்’ 1982இல் வந்த நாவல். அதிலும் ஜோயி என்ற குதிரையே முதல் உலகப் போரைச் சொல்கிறது. 2007இல் லண்டன் நேஷனல் தியேட்டர் அதை மேடையேற்றியபோது தென்னாப்பிரிக்காவின் ஹேண்ட்ஸ்பிரிங் குழு பிரம்பிலும் துணியிலும் குதிரை செய்து மனிதர்களைக் கொண்டு இயக்கியது. ஸ்பீல்பெர்க்கின் படம் 2011இல் உயிருள்ள குதிரைகளோடு வந்தது. இரண்டுமே குதிரையின் பேச்சைக் கைவிட்டன. மேடைப் பாவைக்கு உயிர் வந்தது மூச்சாலும் காதசைவாலும். குதிரை எங்கே கவனிக்கிறது என்பதை அதன் காதுதான் சொல்லும் என்று இயக்கியவர்கள் அறிந்திருந்தார்கள். பேசாத குதிரை பேசும் குதிரையைவிடத் திரைக்குப் பொருந்தும் என்றே நான் கருதுகிறேன். எழுத்து குதிரையின் எண்ணத்தைக் கற்பிக்க வேண்டியிருக்கிறது. கேமராவுக்கு அந்தத் தேவை இல்லை, உடலைப் பொறுமையாகப் பார்த்தால் போதும். பொறுமை இருக்கிறதா என்பதே கேள்வி.

4. தேசிங்கின் குதிரை

தாம்பரத்திலிருந்து ஜி.எஸ்.டி. சாலையில் திண்டிவனம் போய் மேற்கே திரும்பினால் செஞ்சி. பந்தேல இனத்து இளைஞன் தேஜ் சிங் ஆற்காட்டு நவாப் சதத்துல்லா கானை எதிர்த்து 1714இல் மாண்டான். தேசிங்கு ராஜன் கதைப்பாடலாக அவன் கதை வாய்மொழியிலும் பெரிய எழுத்துப் பதிப்புகளிலும் தமிழகமெங்கும் பரவியது. சி.எஸ். சீனிவாசாச்சாரி 1943இல் வெளியிட்ட செஞ்சி வரலாறு ஆவணங்களைக் கொண்டு இந்தப் போரைச் சிறு கலகமாகவே மதிப்பிட இடமளிக்கிறது. மக்கள் நினைவில் அது பெருங்காவியம். இந்த இடைவெளியை ஆய்வாளர்கள் வீரவழிபாடு, இளமைச் சாவு, இந்து முஸ்லிம் நட்பு என்ற கோணங்களில் விளக்கியுள்ளனர். கதை பிறக்கும் இடம் குதிரை என்பதற்கு அதே அழுத்தம் கிடைக்கவில்லை.

பாடலின்படி தில்லியில் யாராலும் அடக்க முடியாத ஒரு குதிரை இருக்கிறது. அதை அடக்கத் தவறிய தேசிங்கின் தந்தை சிறைப்படுகிறார். மகன் போய் அடக்குகிறான். குதிரையும் மணப்பெண்ணும் அவனுக்குக் கிடைக்கின்றன. தேசிங்கின் குதிரைக்குப் பெயர் உண்டு. நண்பன் முகமது கானின் குதிரை நீலவேணிக்கும் பெயர் உண்டு. செஞ்சிப் பக்கத்தில் குதிரைக்கும் சமாதி உண்டென்று மக்கள் காட்டுகிறார்கள். குதிரை இல்லாவிட்டால் தேசிங்குக்குத் தில்லியும் இல்லை, திருமணமும் இல்லை, போரும் இல்லை.

டி.ஆர். ரகுநாத் இயக்கத்தில் எம்.ஜி.ஆர். நடித்த ‘ராஜா தேசிங்கு’ 1960இல் வந்தது. எம்.ஜி.ஆருக்கு அதில் இரட்டை வேடம்: தேசிங்கு, அவனுடைய மாற்றாந்தாய் மகனான தாவூத் கான். நட்சத்திர நடிகருக்கு இது இயல்பான ஏற்பாடு. கதையின் அமைப்பில் அது செய்த மாற்றம் பெரிது. பாடலில் தேசிங்கின் இணை அவன் குதிரை. படத்தில் அவன் இணை அவனே. மனிதனும் குதிரையும் சேர்ந்த உருவம் இருந்த இடத்தில் மனிதனும் மனிதனும் சேர்ந்த உருவம் வந்துவிட்டது. படம் எதிர்பார்த்த வெற்றியைப் பெறாததற்குப் பல காரணங்கள் இருக்கலாம். நாட்டார் கேட்டுப் பழகிய கதையின் அச்சு இடம்பெயர்ந்ததும் அவற்றில் ஒன்றாக ஏன் இருக்கக் கூடாது?

5. களைத்த குதிரையும் பாடும் வீரனும்

கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை தொடராக வந்தது. முதல் அத்தியாயத்தில் ஆடிப்பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையில் வந்தியத்தேவன் வருவதை எல்லோரும் அறிவார்கள். பலரும் கவனிக்காத ஒன்று: குதிரை களைத்திருக்கிறது. நெடுவழி வந்த அது மெதுவாக நடக்கிறது. ஏரியின் அழகில் சொக்கியிருக்கும் இளைஞன் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை என்றும் கல்கி சொல்லிவிடுகிறார். ஒரு பெரும் நாவலின் வேகத்தைக் குதிரையின் களைப்பு தீர்மானிக்கிறது. அது விரைந்து ஓடியிருந்தால் நாம் மதகுகளையும் கரையில் கூடிய கூட்டத்தையும் பார்த்திருக்க மாட்டோம். பின்னொரு இடத்தில் குதிரையின் குளம்புக்கு லாடம் தேடி வந்தியத்தேவன் கொல்லுப்பட்டறைக்குப் போவதிலிருந்து கதை புதிய திருப்பம் பெறுகிறது. கல்கியின் குதிரை தேயும், சோரும், பராமரிப்பு கேட்கும்.

மணிரத்னத்தின் படங்கள் 2022 செப்டம்பரிலும் 2023 ஏப்ரலிலும் வெளிவந்தன. முதல் படத்தில் வந்தியத்தேவனின் பயணம் பாட்டோடு உற்சாகமாக ஓடுகிறது. திரைமொழிக்கு அது நியாயமே. காவிரி நாட்டின் பசுமையும் கார்த்தியின் குறும்பும் அதில் நன்றாகச் சேர்ந்திருக்கின்றன. குதிரையின் சோர்வு மட்டும் போய்விட்டது. படத்தில் வரும் குதிரை எந்த இனம், எந்தச் சேணம் என்று பார்ப்பவர்களும் உண்டு. காது நுனிகள் உள்நோக்கி வளைந்து ஒன்றையொன்று தொடப் பார்த்தால் மார்வாரி அல்லது கத்தியவாரி. நேராக நின்றால் வேறு இனம். சோழர் படைக்கு அரபுக் குதிரைகள் கடல்வழி வந்ததைப் படித்தவருக்கு இது உறுத்தும். எனக்கு இக்குறை சிறிதாகவே படுகிறது. களைக்காத குதிரை பெரிய குறை. களைப்பு தெரியாத குதிரையைப் பார்த்துப் பழகிய கண், படப்பிடிப்பில் களைக்கும் குதிரையையும் காணாது.

2021 ஆகஸ்டில் ஐதராபாத் அருகே ‘பொன்னியின் செல்வன்’ படப்பிடிப்பில் ஒரு குதிரை இறந்தது. பீட்டா இந்தியா அமைப்பு புகார் செய்தது. தயாரிப்பு நிர்வாகம் மீதும் குதிரை உரிமையாளர் மீதும் காவல்துறை வழக்குப் பதிந்தது. தொடர்ந்து மணிக்கணக்காகக் குதிரைகளை வேலைவாங்கியதில் அவை சோர்ந்தும் நீர்வற்றியும் போயின என்பது புகாரின் சாரம். இந்தியாவில் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் 1960இல் வந்தது, ‘ராஜா தேசிங்கு’ வெளியான அதே ஆண்டு. நிகழ்த்து விலங்குகள் பதிவு விதிகள் 2001இல் வந்தன. கம்பியோ குழியோ வைத்து விலங்கை இடறச்செய்வதை அவை தடுக்கின்றன. ஹாலிவுட்டில் ‘ஜெஸ்ஸி ஜேம்ஸ்’ படத்துக்காக உயரமான பாறையிலிருந்து தள்ளப்பட்ட குதிரை இறந்ததும், அந்தக் கண்டனத்தின் விளைவாக 1940 முதல் படப்பிடிப்புகளில் விலங்குநல அமைப்பின் கண்காணிப்பு தொடங்கியதும் இதற்கு முன்கதை. ‘விலங்குகள் துன்புறுத்தப்படவில்லை’ என்ற அறிவிப்பை நாம் படம் தொடங்கும் முன் ஓடும் சடங்காகப் பார்க்கிறோம். ஆர்வலர் வாசிப்பில் அதுவும் படத்தின் பொருளோடு சேர்ந்தது: திரையில் வீழும் குதிரை எப்படி வீழ்ந்தது என்று கேட்காமல் அந்தக் காட்சியை ரசிக்க அவரால் முடியாது.

6. இந்த வாசிப்பின் எல்லை

இவ்வளவு சொன்ன பிறகும், எல்லாக் குதிரைக் கதைக்கும் லாயத்து அளவுகோல் பொருந்தாது. மாணிக்கவாசகர் கதையை எடுத்துக்கொள்வோம். அரிமர்த்தன பாண்டியன் குதிரை வாங்கக் கொடுத்த பொருள் திருப்பெருந்துறையில் கோயிற்பணிக்குப் போகிறது. நரிகள் பரிகளாகி மதுரை வருகின்றன. இரவில் மீண்டும் நரிகளாகி லாயத்துக் குதிரைகளைக் கடித்துக் குதறுகின்றன. இங்கே குதிரையின் காது சரியா, நடை சரியா என்று கேட்பது பொருளற்றது. ஆனாலும் கதை சந்தை வழக்கத்தை அறிந்திருக்கிறது. குதிரையின் கயிறு கைமாறிய பிறகு விற்றவன் பொறுப்பில்லை என்ற வாணிகமுறையை வைத்தே இறைவன் திருவிளையாடல் செய்கிறான். ஆவுடையார்கோயில் சிற்பங்களில் அவன் குதிரைச் சேவகன்.

பாண்டிய நாட்டில் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான குதிரைகள் இறங்கியதையும், பராமரிக்கத் தெரிந்தவர் இல்லாமல் அவற்றில் பெரும்பாலானவை மடிந்ததையும் மார்க்கோ போலோ எழுதியிருக்கிறார். அயல் பயணியின் மிகை அதில் இருக்கலாம். கடல் கடந்து வந்து, பெருவிலை பெற்று, விரைவில் மறையும் விலங்கு அரசனுக்கும் கடவுளுக்கும் உரியதானதில் வியப்பில்லை. மேற்கில் குதிரைக் கதை பண்ணையிலிருந்தும் வாடகை வண்டியிலிருந்தும் கிளைத்தது. நமது கதை துறைமுகத்திலிருந்தும் கோயிலிலிருந்தும். அய்யனாரின் மண்குதிரை அதனால்தான் புல் கேட்பதில்லை. சூவெலின் கண்ணோடு மட்டும் நம் மரபைப் பார்த்தால் அதன் பாதி மறைந்துபோகும்.

7. அழகர்சாமியின் குதிரை

இந்த இரண்டு மரபும் மோதும் தமிழ்க் கதை ஒன்று உண்டு. பாஸ்கர் சக்தி எழுதிய ‘அழகர்சாமியின் குதிரை’யை சுசீந்திரன் 2011இல் படமாக்கினார், வசனமும் பாஸ்கர் சக்தியுடையது. தேனிப் பக்கத்துக் கிராமத்தில் அழகர் திருவிழா நெருங்கும் வேளையில் மரக்குதிரை வாகனம் காணாமல் போகிறது. எங்கிருந்தோ உயிருள்ள வெள்ளைக் குதிரை ஒன்று வந்து சேர, ஊர் அதை அழகரின் குதிரையாகவே கொண்டாடுகிறது. அதைத் தேடி வருபவன் சுமைகூலி அழகர்சாமி. குதிரை கிடைத்தால்தான் அவன் பிழைப்பும் திருமணமும் நடக்கும். அப்புக்குட்டிக்குச் சிறந்த துணைநடிகருக்கான தேசிய விருது கிடைத்தது. சிறந்த பொழுதுபோக்குப் படத்துக்கான தேசிய விருதும் இப்படத்துக்கு வந்தது.

விமர்சனங்கள் இதை மூடநம்பிக்கையைச் சிரித்துக்கொண்டே கேள்வி கேட்ட படம் என்று பாராட்டின. அது சரியே. குதிரை ஆர்வலருக்கு இதில் வேறொன்று தெரியும். தமிழ்த் திரையில் அரிதாக, ஒரு குதிரையின்மேல் நாயகன் ஏறி நிற்கவில்லை, பக்கத்தில் நடக்கிறான். அழகனல்லாத, உயரமில்லாத, கூலிக்குச் சுமையேற்றும் மனிதனுக்குக் குதிரை அந்தஸ்து தரவில்லை, கூழ் தருகிறது. லாயத்து மனிதனுக்கும் குதிரைக்கும் உள்ள உறவு இதுதான். தேசிங்கிலும் வந்தியத்தேவனிலும் கண்ணுக்குத் தெரியாமல் நின்ற சைஸ் இங்கே நாயகனாகியிருக்கிறான். இதனாலேயே நமது குதிரைப் படங்களில் இதை முதலிடத்தில் வைக்கிறேன்.

அப்படியும் ஓர் இடத்தில் படம் சூவெலை எட்டவில்லை. ஊருக்கு அது தெய்வம், அழகர்சாமிக்கு உயிர். இருவரின் உரிமையையும் படம் நியாயமாக நிறுத்துப் பார்க்கிறது. மலைப்பாதையில் அது சுமக்கும் பாரத்தை நிறுப்பதில்லை. அவன் அன்பு உண்மையானதாகையால் பாரமும் கேள்விக்கு அப்பாற்பட்டதாகிவிடுகிறது. ‘பிளாக் பியூட்டி’யில் வரும் வண்டிக்காரர் ஜெர்ரி பார்க்கர் அழகர்சாமியைப் போலவே நல்லவர். குதிரையை அடிக்காதவர். வசதியான வாடிக்கையாளர் சீட்டாட்டம் முடிந்து வெளியே வரும்வரை புத்தாண்டு இரவின் குளிரில் காத்துக் கிடந்து நோயில் விழுகிறார், வண்டித்தொழிலை விடுகிறார், பியூட்டி விற்கப்பட்டு மோசமான கைகளுக்குப் போகிறது. நல்ல மனிதரின் அன்பு அவருடைய கூலி நிலைக்குக் கட்டுப்பட்டது என்று சூவெல் 1877இலேயே காட்டிவிட்டார். அழகர்சாமிக்கு ஒரு பஞ்ச காலம் வந்தால், அவனுக்கே முதுகு முறிந்தால், அந்த வெள்ளைக் குதிரையின் கயிறு யார் கைக்கு மாறும் என்ற கேள்வியைத் தமிழில் இன்னும் எந்தக் கதையும், எந்தப் படமும் முழுமையாக எடுத்துக்கொள்ளவில்லை.